காலியிடங்கள்

கீழமாரட் வீதியில் கண்ணாடி அறுக்கும்
சிக்கந்தர் கேட்டார்:
"இவ்வளவு பொடிசா வாங்கிட்டுப் போயி
எந்தப் படத்துக்கும்மா சட்டம் போடுறீங்க?"

எந்தப் படத்துக்கும் இல்லை.
நாகமலை பார்த்த அறையில்
சோப்பில் கழுவி, அசிட்டோனில் கழுவி,
நானூற்றைம்பது டிகிரித் தட்டில் அடுக்கி
டின் குளோரைடு கரைசலைத் தெளிக்கிறேன்,
தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல.
சுர்ரென்றால் தப்பு.
துளி தொடும் முன்பே ஆவியாகி
ஆக்ஸைடாய் இறங்கவேண்டும்.
அமில நெடி மூக்கில். துப்பட்டாவிலும்.

இயற்கை இதில் கறார்:
வெளிச்சத்தை விடுவது மின்சாரத்தை விடாது,
மின்சாரத்தை விடுவது வெளிச்சத்தை விடாது.
கண்ணாடியையும் செம்புக் கம்பியையும் கேளுங்கள்.
இரண்டையும் விடுகிற ஒன்றை
முந்நூறு நானோமீட்டர் கனத்தில் பூச
மூன்று வருடமாய் இங்கே இருக்கிறேன்.

எப்படி விடும் என்றால், குறையால்தான்.
ஆக்ஸிஜன் வந்து உட்காராத இடத்தில்
இரண்டு எலக்ட்ரான் வேலையற்றுத் திரியும்,
காளவாசல் டீக்கடைப் பையன்கள்போல.
அவைதான் ஓடுகின்றன.
அந்த இடத்துக்கு என் நோட்டில் 'காலியிடம்' என்று பெயர்.
எங்கள் துறையில் பதினொரு காலியிடம்;
ஒன்றும் ஓடவில்லை.
உதவித்தொகை ஏழு மாதப் பாக்கி.

குறை கூடக்கூட நல்லது என்றும் இல்லை.
தீபாவளிக்கு முந்தின இரவு மாட்டுத்தாவணி மாதிரி
எல்லாரும் இருப்பார்கள்,
ஒருவரும் நகரமாட்டார்கள்.
கண்ணாடியும் புகை பிடித்துப் போகும்.

போன புதன், பதினேழாம் துண்டு.
ஃபுளோரின் பத்து சதவீதம்.
தெளித்து முடித்த கையோடு கரண்ட் போனது.
கம்ப்ரஸர் மூச்சை விட்டது.
ஃபேன் நின்றபின்தான் வெளியே மயில் கத்துவது கேட்டது.
தட்டு தானாய் ஆற ஒன்றரை மணி நேரம்.
கரண்ட் வந்ததும் நான்கு ஊசிகளை மெல்ல இறக்கினேன்:
சதுரத்துக்கு எட்டு ஓம்.

ஓம் என்றால் இந்த ஊரில்
யாரும் மின்தடையை நினைப்பதில்லை.
அன்று நான் இரண்டையும் நினைத்தேன்.

மறுபடி செய்தேன், ஸ்விட்சை நானே அணைத்து.
இருபத்து மூன்று.
முப்பத்தொன்று.
எட்டு வரவே இல்லை.

சனிக்கிழமை கடையில்
பதினேழாம் துண்டை மேசையில் வைத்து
ஒரு பாட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி. மாட்டிக் காட்டினேன்.
"எரியுது. நடுவுல ஒயர் எங்க?"
கையில் எடுத்து, அதன் வழியே
எதிர்க்கடைப் பலகையை எழுத்து விடாமல் வாசித்தார்.
பிறகு வெயிலுக்குச் சாய்த்தார்.
மங்கலாய் ஒரு பச்சை, ஓர் ஊதா.
"இந்தப் பக்கம்தானே பூசியிருக்கு?"
நான் மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது அது.

"ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சே."
கிளிப் பிடித்த இடம், என்றேன்.
"அப்ப அதுல கரண்ட் வராது."
வராது.
"வெளிச்சம்?"
அது வரும்.

பத்துத் துண்டு எண்பது ரூபாய்.
அறுபதுதான் இருந்தது.
'இருளாயி, இருபது' என்று எழுதிவிட்டு
கீழே இரண்டு வரி
இடம் விட்டார்.