ஒரு விரற்கடை

பனி வருவதை எங்களுக்கு முதலில் சொல்வது
ரேடியோ இல்லை,
தலைக்குந்தா முக்குக் கடை இப்ராகிம்.
போன மாதம் எட்டு ரூபாய்க்கு விற்ற பழைய சாக்கு
இன்று இருபது.
பேரம் பேசினால்
‘விடியக்காலம் வந்து கேளுக்கா’ என்கிறார்.

ஐந்து வாங்கினேன்.
இரண்டு கூரைத் தகரத்தின் மேல், கல் ஏற்றி.
ஒன்று வாசற்படிக்கு.
ஒன்று குழாய்க்கு:
முதலில் வைக்கோல், அதன்மேல் சாக்கு,
அதன்மேல் சைக்கிள் டியூப்,
பிள்ளை பெற்றவள் இடுப்பைக் கட்டுகிறாற்போல இறுக்கி.
போன வருஷம் உறைந்து பிளந்துபோய்
ஏழு நாள் ஓடையில் மொண்டோம்.
ஐந்தாவதை மடித்துக் கட்டிலடியில் போட்டேன்.

ஜன்னல் சந்துக்கு மைதாப் பசையும் பேப்பரும்.
தங்கம் விலை ஏறியது மேல்சட்டத்தில்,
யாரோ பதவி விலகியது கீழ்ச்சட்டத்தில்.
சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே
கந்தலைக் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி
ஏற்றினேன்.
மேரக்காய்க் கொடிக்கு
ஓரகத்தி எடுத்துத் தந்த நைலக்ஸ் சீலை.
பதினோரு வருஷம் கழித்து
அதை ஒருத்தி உடுத்திக்கொண்டாள்.

எதிர்ச்சரிவில்
தேயிலையை மலார் வெட்டி மூடுகிறார்கள்.
யாரும் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை.
வெயில் போவதற்குள் முடிக்கவேண்டிய வேலை.

தேவசகாயம் கேரட் கழுவும் மிஷினில் ராத்திரி வேலை.
நாலு மணிக்கு வந்து
கையை என் கழுத்தில் வைப்பார்.
கழுவிய கேரட்டின் சில்லிப்பு,
நிறம் மட்டும் இருக்காது.
அதனால் அவருக்குச் சந்து என்றாலே ஆகாது.
அடுப்புக்கு மேலே ஓட்டை.
அவர் அடைத்தார். நான் பிடுங்கினேன்.
மறுபடி அடைத்தார், இந்தமுறை சிமெண்டு.
ஈரம் காயுமுன்
விரலை விட்டுக் குடைந்தேன்.
‘உனக்கென்ன பைத்தியமா?’
பிறகு அவரே
வரிசையின் கடைசி அறைப் பக்கம் பார்த்துவிட்டு
கையைக் கழுவப் போய்விட்டார்.

சுக்ராம், மங்கரா.
ஜார்க்கண்டில் எந்த ஊர் என்று
சொன்னார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை.
தை மூன்றாம் நாள்,
கொத்தனார் சட்டியில் கரி.
‘உள்ளே மூட்டாதீங்க’ என்று நான் சொன்னதற்கு
இரண்டு பேரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.
பாஷை தெரியாத தலையாட்டல்
நன்றி சொல்வதைப்போலவே இருக்கும்.

பத்து மணிக்கும் திறக்கவில்லை.
தேவசகாயம் தோளால் தள்ள
கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றது.
கதவடியில் சாக்கு.
எவ்வளவு கச்சிதமாகத் திணித்திருந்தார்கள்,
நூல் நுழைய இடமில்லாமல்.
உள்ளே அந்த நேரத்திலும் வெதுவெதுப்பு.
இந்த வரிசையில் ஒரு வீட்டிலும்
அப்படி ஒரு வெதுவெதுப்பை
நான் கண்டதில்லை.

சாக்கு நான் கொடுத்தது.
போலீஸ் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சுண்ணாம்பு அடித்துவிட்டார் போஜராஜ்.
நேற்று ஆள் வந்துவிட்டது.
ஆண்டிபட்டிப் பக்கம், கல்யாணமாகி நாற்பது நாள்.
அந்தப் பெண், பெயர் விருமாயி,
வெறுங்காலோடு வாசலில் நின்றாள்.
‘அக்கா, சாக்கு இருக்குமா?
கதவுக்கடியில கத்தியாட்டம் வருது.’
‘கரி மட்டும் மூட்டாதே’ என்றேன்.
‘சரிக்கா.’
பாஷை தெரிந்தவள்தான்.
சொன்னவுடன் சரி என்றாள்,
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

‘இரு’ என்று உள்ளே போனேன்.
ஐந்தாவது சாக்கைக் கட்டிலில் விரித்தேன்.
அவர்கள் கதவின் அகலம் எனக்குத் தெரியும்,
இரண்டரை அடி.
கத்தரிக்கோல் மொட்டை.
நாலு இழை, ஐந்து இழை,
பல்லாலும் கொஞ்சம்.
ஒரு விரற்கடை குறைத்து
வெட்டியது தெரியாமல் ஓரத்தை மடித்துத் தைத்து
கொண்டுபோய்க் கொடுத்தேன்.

‘எவ்வளவுக்கா?’
‘இருபது’ என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.