சோதனைக்கூடம்

இண்டூரில் ஏறி தருமபுரி ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போது
கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடிப்பேன்.
எங்களைச் சோதனைக்குள் விடாதேயும் என்று கேட்டுவிட்டு
இறங்கி நடந்து
சோதனைக்கூடத்தைத் திறப்பேன்.
பதினோரு வருஷமாக இந்த வேடிக்கை
உமக்கும் எனக்கும் நடுவில்.

அன்று வந்த பாட்டில்களில் ஒன்று எங்கள் சபையுடையது.
தீத்து ஐயரின் சாய்ந்த எழுத்து:
ஆலய போர்வெல், 860 அடி.
பக்கத்தில் சின்னதாய் ஒரு சிலுவை,
இருக்கட்டுமே என்று போட்டிருந்தார்.

எனக்குத் தெரியாத தண்ணீரா அது?
உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்க்கிறவன் வேண்டாம்,
முழங்காலில் நின்று கேட்போம் என்றார் ஐயர்.
மூன்று நாள் உபவாசம்.
திரிபேனாள் இரண்டு தோட்டையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள்.
மீதிக்குக் கடன்.
திருச்செங்கோட்டு வண்டி ராத்திரியெல்லாம் கற்பொடி கக்கியது.
அறுநூறில் புழுதி. எழுநூறில் புழுதி.
போதும்மா, ராடை ஏத்திடறேன் என்றான் வண்டிக்காரன்.
எண்ணூற்று அறுபதில் பீறிட்டது.
அப்போது வாழைமர உயரம்,
அடுத்த ஞாயிறு சாட்சிகளில் தென்னை உயரம்.
நானும்தான் நனைந்தேன்.
நானும்தான் எழுந்து நின்று சொன்னேன், இது அவர் சித்தம் என்று.

சிவப்புச் சாயத்தில் நீரைச் சேர்க்க வேண்டும்.
நல்ல தண்ணீரில் சிவப்பு நிற்கும்.
ஃபுளோரைடு இருந்தால் வெளுக்கும்.
என் கண்ணெதிரே வெளுத்தது,
கெட்ட சேதி கேட்ட முகம் போல.
மூன்று புள்ளி ஆறு.
ஒன்றரைக்கு மேல் குடிக்கக் கூடாது.

திரும்பச் செய்தேன். மூன்று புள்ளி ஆறு.
அடையாளம் கேட்கிறவள் இல்லை நான்,
ஆனாலும் மூன்றாம் முறை.

புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்தால் போதும்.
தோடு வீணாகாது, ஐயர் தலைகுனிய வேண்டாம்,
உம்முடைய பெயரும் கெடாது.
ஆம், உம் பெயரைக் காப்பாற்றத்தான் என்றுகூட நினைத்தேன்,
வெட்கமில்லாமல்.

என் முன்பற்களில் பழுப்பு வரிகள்.
கல்யாண போட்டோவிலும் வாய் திறந்திருக்க மாட்டேன்.
அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் முதுகு வளைந்து
சட்டைப் பொத்தானைக் கடைசிவரை நான்தான் போட்டுவிட்டேன்.
அடக்க ஆராதனையில் அதையும் சித்தம் என்றார்கள்.
எங்கள் வீட்டுக் கிணற்றை
ஒருவரும் ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்க்கவில்லை.

எழுதினேன். 3.6. கையெழுத்து, தேதி.

ஞாயிறன்று ஐயர் பீடத்தில் நின்று தாளை வாசித்தார்,
நடுவில் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தார்.
மிஷின் தப்பாயிருக்கும் என்றது ஆண்கள் பக்கம்.
அவிசுவாசம் என்றது எனக்குப் பின்னாலேயே ஒரு குரல்.
பிறகு எல்லாரும் எழுந்து ஜெபம்.
சித்தம் என்ற சொல்லில் சபை ஒரு மூச்சு தாமதித்தது.
அடுத்து அப்பம். அடுத்து கடன்.
அடுத்து சோதனை.
இவை இத்தனை நெருக்கமாக உட்கார்ந்திருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் பம்புக்கு அடிக்கச் சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்தது
திரிபேனாள்.
காதில் வேப்பங்குச்சி.
"தண்ணீ கேட்டோம், குடுத்தாரு.
குடிக்கவான்னு நாம கேக்கவே இல்லயே" என்றாள்,
சமாதானமாகவா கோபமாகவா, தெரியவில்லை.
கைப்பிடியில் தொடங்கிக் கீழே அடித்துக்கொண்டு வந்தாள்.
முடித்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டில்:
"எங்க வீட்டு போரு. சின்னவளுக்குப் பல்லு மொளைக்குது.
இதையும் பாரேன்."

திங்கட்கிழமை பஸ். மடியில் பாட்டில்.
உம் சித்தம் எது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை,
தண்ணீரா, வெளுத்த சிவப்பா,
பதினோரு வருஷமாக நான் இந்த வேலையில் இருப்பதா.
வளைவில் பாட்டில் சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
ஜெபத்தை எந்த வரியில் விட்டேனோ,
திரும்பவும் முதலிலிருந்து.