இதரச் சத்து

நெட்டூர் பால் சங்கத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு
ஷட்டரைத் தூக்குவது நான்தான்.
மெஷினுக்கு ஒரு மடக்குப் பால் கொடுத்தால்
அரை நிமிஷம் முனகிவிட்டுச் சொல்லும்:
கொழுப்பு ஆறு புள்ளி எட்டு,
இதரச் சத்து எட்டு புள்ளி ஒன்பது.
எல்லாரும் முதல் எண்ணைத்தான் பார்ப்பார்கள்.
அது கொஞ்சம் இறங்கினாலும் ஞானசெல்வம் அக்கா
என் முகத்தைப் பார்ப்பாள்,
ராத்திரி அவள் தொழுவத்தில் நான் புகுந்ததுபோல.
"நேத்து ஏழுல்லா சொன்ன, உலகு?"
"நேத்து பருத்திக்கொட்டை வச்சிருப்ப. இன்னிக்கு வச்சியா?"
எருமை என்ன தின்ன வேண்டும் என்பதில்
எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

போன மாதம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
என்னை ஏற்றி நிறுத்தினார்கள்.
எண்பத்து நாலு.
டயட் எழுதித் தரும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசிருக்கும்,
கோயம்புத்தூர்ப் பேச்சு.
பாலை விட்டுடாதீங்க அக்கா, என்றாள்.
ஏடு எடுத்தது, இருநூறு மில்லி.
மத்தியானம் ஒரு கிண்ணம் தயிர்.
மோர் தாராளமா.
நெய் இருக்கும் பக்கமே போகாதீங்க.

"சொதி?"
"அப்படின்னா?"
தேங்காயை மூன்று தரம் பிழிந்து, என்று தொடங்கினேன்.
முதல் பால் வருவதற்குள் பேனாவை மூடிவிட்டாள்.
அது பால் கணக்கிலேயே வராதாம்.
மறுவீட்டுப் பந்தியில் உட்கார்ந்த எவரும்
அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் சீதபற்பநல்லூர் தாண்டும்வரை கணக்குப் போட்டேன்.
இருநூறு மில்லி, ஏடு எடுத்தது, ஆறு கிராம்.
நம்மூர் எருமை கொடுத்தபடியே குடித்தால் பதினாலு.
எட்டு கிராமுக்காகக் காய்ச்சி, ஆறவைத்து,
மஞ்சளாய்ச் சுருங்கிக் கிடக்கும் ஏட்டைக்
கரண்டியால் தூக்கிப் பூனைக்கு வைக்க வேண்டும்.
இரண்டு நாள் வைத்தேன்.
மூன்றாம் நாள் பூனை வரவில்லை.
நோட்டில் மறைக்காமல் எழுதினேன்:
ஏடு, ஒரு கரண்டி, பூனை பங்கு.

தயிர்தான் கைகொடுக்கிறது.
சோறு ஒரு அகப்பை இறங்கியிருக்கிறது,
தயிர் அரை அகப்பை ஏறியிருக்கிறது.
லாரியைவிட்டு இறங்கிவந்த மனுஷன்
என் தட்டைப் பார்த்துவிட்டு,
"இது சோத்துக்குத் தயிரா, தயிருக்குச் சோறா?" என்றார்.
பத்தரை மணிப் பசிக்கு
உப்பும் கிள்ளின கறிவேப்பிலையும் போட்ட மோர்.
குடித்துவிட்டு, "பெறவு வாரேன்" என்று அது போய்விடும்.
சில நாள் போவதில்லை.
பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

வளைகாப்பு வீட்டில் நெய் மினுங்கும் அல்வாவை
இலையோரம் தள்ளினேன்.
முக்கூடல் மைனி சத்தமாகவே சொன்னாள்:
"கொழுப்பு கூடிப்போச்சுட்டி ஒனக்கு."
சிரிப்பு வந்துவிட்டது.
ஆஸ்பத்திரியிலும் அதைத்தானே சொன்னார்கள்.
இரண்டு இடத்திலும்
இதரச் சத்து எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை:
விடிவதற்கு முன் எழும்புகிறது,
எழுபது பேர் கணக்கை மனசில் வைத்திருப்பது,
ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும்
வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவது.

இன்றைக்கு வண்டி கேன்களை ஏற்றிக்கொண்டு போனதும்
தரையைக் கழுவிவிட்டேன்.
யாருமில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கேன் தராசில் ஏறினேன்.
81.650.
திரும்பப் பார்த்தேன். அதேதான்.
காலிக் கேன் வைத்ததும் அமுக்கும் பழக்கத்தில்
கை தானாக டேர் பொத்தானுக்குப் போயிற்று.
0.000.
ஈரப் பாதத்தோடு, முழுசாக,
நான் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.
காற்றாடி ஒன்று தூரத்தில் மெல்லச் சுற்றியது.

இறங்கினேன்.
வெறும் தகரப் பலகை.
கழித்தல் குறி போட்டு 81.650 என்று
சிவப்பாக மினுக்கி மினுக்கி
தராசு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருக்கட்டும்.
சாயங்காலப் பாலுக்குள் சரிபண்ணினால் போதும்.