பாதி விலை

தொர்தோய் சந்தையில்
கப்பல் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்
கடை என்கிறார்கள்,
கடலே இல்லாத நாட்டில்.

கம்பளிக் காலுறை வரிசை தாண்டி
மூன்றாவது திருப்பத்தில் எர்மெக்கின் பெட்டி.
உள்ளே நூறு ஜோடிக் காதுகள்
கொக்கியில் தொங்குகின்றன.

"எங்கே பயணம்?"
சமாரா. அங்கே ஒரு தையல் பட்டறை.
மூன்று இரவு, மூன்றாம் வகுப்பு, மேல் படுக்கை.
கூழாங்கல் போல இரண்டு வெள்ளை மணிகளை
என் உள்ளங்கையில் வைத்தான்.
கம்பி இல்லை. வெளி இரைச்சலை அப்படியே விழுங்கிவிடுமாம்.
ஐந்து மணி நேரம் பாடும்,
பிறகு டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த ரயிலில் சார்ஜ் போடும் துளை
கழிவறைப் பக்கம் ஒன்றே ஒன்று.
துண்டும் பல்துலக்கியும் பிடித்து நிற்பவர்களை விட
அதற்குத்தான் நீள வரிசை.
ஒரு மணி உருண்டு கீழே விழுந்தால்
யாருடைய பூட்ஸுக்குள் கைவிட்டுத் தேடுவேன்?

பெரிய மூடி ஒன்று காட்டினான்.
ஒருக்களித்துப் படுத்தால் தாடையைக் கடிக்கும்.
மாதுளை அளவில் ஓர் ஒலிபெருக்கி.
ஐம்பத்து நான்கு பேர் தூங்கும் பெட்டியில்
அதை வாங்கி வருகிறவர் யாரென்று எனக்குத் தெரியும்.
போன தடவை எனக்கு எதிர்ப் படுக்கை.

"என்னதான் வேண்டும் அக்கா?"
"பாதி."

ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி.
இடது காது அன்றோடு கடையை மூடியது.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்களாமே,
எனக்கு அந்த வசதி இல்லை.
வாங்கியதெல்லாம் உள்ளேயே கிடக்கும்.
"ஒரு காதுக்குப் பாதி விலை போடு."

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
முக்காலியில் ஏறி
பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினான்.
தீப்பெட்டி அளவில் ஒரு பழைய கருவி,
முகமெல்லாம் கீறல்,
விலாவில் நகம் படும் அளவு ஒரு விசை.
"இரண்டு பக்கத்தையும் ஒரே குடத்தில் ஊற்றும்.
முப்பது மணி நேரம் ஓடும். கம்பி உண்டு.
அழகு கிடையாது."

என் அட்டையைச் செருகினேன்.
பதினோரு வருடமாகக் கேட்கும் ஒரு பதிவு.
யாரோ வாசித்த கோமுஸ், மூன்று நரம்பு,
நடுநடுவே நீண்ட இடைவெளிகள்.
மலையேறுகிறவன்
நின்று மூச்சு வாங்குவதாக
நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

விசையைத் தள்ளினான்.

இடைவெளியில் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடமும்
பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்,
எனக்கு இடப்பக்கமாக,
கொஞ்சம் மூக்கடைத்த குரலில்.

விலை கேட்க மறந்தேன். அவன் மறக்கவில்லை.
பாதியும் குறைக்கவில்லை.

இரண்டாம் இரவு.
கஜகஸ்தான் இன்னும் முடிந்தபாடில்லை.
பெட்டிப் பொறுப்பாளர் ரிம்மா
தேநீர்க் கிளாஸ்களைச் சேகரித்துக்கொண்டு வந்தவள்
என் படுக்கையருகே நின்றாள்.
"தூங்காமல் என்ன கேட்கிறாய்?"

இடது மணி வழக்கம்போல
சட்டைப் பொத்தானில் தொங்கியது.
எடுத்துக் கொடுத்தேன்.
முன்பு கொடுத்திருந்தால்
அவளுக்குக் குரல், எனக்கு நரம்பு,
ஆளுக்கொரு பாட்டைக் கேட்டுவிட்டு
ஒரே பாட்டு என்று நம்பியிருப்போம்.

கம்பி குட்டை.
நான் குனிய, அவள் ஏணியில் ஒரு படி ஏற,
காதும் காதும் வைத்தாற்போல்
முழுப்பாட்டும் முடிந்தது.
கையில் கிளாஸ்கள் மட்டும்
வண்டியோடு சேர்ந்து நடுங்கின.

"ஜலதோஷம் இவளுக்கு," என்றாள் ரிம்மா.
"யாராவது வெந்நீர் கொடுத்திருக்கலாம்."
ஷல்கார் வரப்போகிறது என்று
விளக்கை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள்.

ஜன்னலில் ஒரு வெளிச்சமும் இல்லை.
மீண்டும் முதலிலிருந்து வைத்தேன்.
பாதியில்,
ஏனென்று தெரியவில்லை,
விசையைப் பழைய பக்கத்துக்கே தள்ளினேன்.

மலையில் ஒருவன்
நின்று மூச்சு வாங்கினான்.