இரண்டு கோமளவதி

களுவாஞ்சிகுடிச் சந்தி.
ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையின் பின்னறை.
இரவு பதினொன்றே கால்.
கல்முனைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

பட்டியலில் கோமளவதி:
நாற்பத்தொரு பாட்டு.
கொஞ்சம் மேலே,
கேசவனுக்கும் கைலாயநாதனுக்கும் நடுவில்,
இருக்கக்கூடாத இடத்தில்
இன்னொரு கோமளவதி:
பதினேழு.

அதே படம். அதே எழுத்து.
வெறும் இடைவெளி ஒட்டியிருக்குமோ என்று
பெயரின் தலையையும் வாலையும் தட்டிப் பார்த்தேன்.
இல்லை.
ஒன்றை வெட்டி மற்றதில் ஒட்டினேன்.
சேர்ந்தது.
மூடித் திறந்தேன்.
மறுகா இரண்டு.

உதவிப் பக்கத்தில்
பின்னணி நிறம் மாற்றுவது பற்றி ஏழு படிகள்.
ஒருத்தியை ஏன் இரண்டாய்ப் பிளக்கிறாய் என்பதற்கு
ஒரு வரி இல்லை.

முதலாளி அருமைத்துரை எட்டிப் பார்த்தார்.
"வைரஸோ?"
அவருக்கு எல்லாம் வைரஸ்தான்.
போன கிழமை எலி கடித்த வயரும்.

சும்மா, சலிப்பில்,
'கோ'வுக்குப் பின்னால் நின்று
அழிக்கும் விசையை ஒருதரம் தட்டினேன்.
நாற்பத்தொன்றில் 'க' மட்டும் மிஞ்சியது.
பதினேழில்
கால் மட்டும் கழன்றது:
கேமளவதி.

கண்ணுக்கு ஓர் எழுத்து.
உள்ளே,
கொம்பு தனி, கால் தனி.

கொப்பியில் எழுதுவதுபோல
கொம்பு, க, கால் என்று
பழைய விசைப்பலகையில் தட்டிப்
பிறகு மாற்றியெடுப்பவள் இந்தக் கடையில் ஒருத்திதான்.
சுபோதினி.
போன வைகாசி, பழுகாமத்துச் சடங்கில்,
கேட்ட பாட்டு பட்டியலில் இல்லாமல்
சனம் பார்க்க நின்றபோது
"துலைச்சது நீதான்" என்று
ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல் கத்தினேன்.
அடுத்த நாள் அவள் வரவில்லை.
சம்பளமும் வாங்கவில்லை.

பாட்டுக் கோப்பின் வயிற்றுக்குள் இருக்கும் பெயரை மாற்றினால்தான்
இது கேட்கும் என்று
இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தேன்.
பதினேழை மாற்றுவது சுகம்.
நாற்பத்தொன்றை மாற்றினேன்,
ஒவ்வொன்றாய்,
அவள் தட்டுகிற வரிசைக்கு.

மூடித் திறந்தேன்.
கோமளவதி: ஐம்பத்தெட்டு.
இன்னும் கேசவனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள்.
இருக்கட்டும். இப்போது இடம் தெரியும்.

கைபேசியில் எழுதினேன்:
பதினேழும் இஞ்சதான் கிடக்கு. நீ அழிக்கல்ல.
ஒற்றைச் சரி, சாம்பல் நிறத்தில்.

விடிய வந்து கேட்டார் முதலாளி:
"வைரஸ் போயிற்றா?"