ஐம்பத்திரண்டு பெட்டிகள்

ஓம்பு சோலோ நிலையத்துப் பெயர்ப்பலகையில்
கடைசி எழுத்து இல்லை.
யாரோ கழற்றிக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள்
என்றாள் நெலிதா.
யாரென்று சொல்லவில்லை.
அவளுடைய கோழிகள் என் முக்காலியைச் சுற்றிவந்தன.

பாம்பாஸ் சமவெளியில் இது எனக்கு நாற்பத்தோராவது நிலையம்.
செங்கல்லுக்காக வருகிறேன்,
கப்பலில் வந்திறங்கிய இரும்புத் தூண்களுக்காக,
கூரை விளிம்பில் மரத்தில் அறுத்த பல்வரிசைக்காக.
வெயில் சாயும் அரைமணி நேரம்
தூண்களின் நிழல் நடைமேடையில் நீட்டிப் படுக்கும்.
அப்போது குறுக்கே ஒருவரும் இருக்கக் கூடாது.

இங்கே
தூணுக்குத் தூண் கயிறு.
பள்ளிக்கூட வெள்ளை அங்கிகள் ஒன்பது,
இஸ்திரி சுட்ட தடத்தோடு ஒரு படுக்கை விரிப்பு,
கோல்கீப்பர் கையுறை, ஒரு கைக்கு மட்டும்.
டிக்கெட் ஜன்னலில் முட்டையும் கேஸ் சிலிண்டரும் விற்கிறாள்.
பார்சல் எடைமேடையில் போன வாரம்
அல்திவார் வீட்டுக் குழந்தையை நிறுத்தார்களாம்:
மூன்று கிலோ நானூறு.
"எந்த ஊருக்கும் அனுப்பவில்லை" என்று சிரித்தாள்.

துணியைக் கொஞ்ச நேரம் எடுக்க முடியுமா என்றேன்.
"காய்ந்தால் எடுப்பேன்."

தண்டவாளம் தாண்டி
எதிர்ப்புறத்து முட்செடிகளுக்குள் முக்காலியை ஊன்றினேன்.
வெளிச்சம் செம்மண் நிறத்துக்கு வந்தபோது
கால் அதிர்ந்தது.

சோயா ஏற்றிய சரக்கு ரயில். இங்கே நிற்பதில்லை.
எனக்கும் நிலையத்துக்கும் நடுவே
பெட்டி, இடைவெளி, பெட்டி.

ஓர் இடைவெளியில் அவள் ஓடுகிறாள்.
அடுத்ததில் அங்கிகள் தோளில்.
அடுத்ததில் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க
எங்கிருந்தோ ஒரு பையன்.
பெட்டி.
பல்லில் கிளிப்புகளைக் கடித்தபடி
அவனை ஏதோ திட்டுகிறாள்.
பெட்டி.
புழுதி.
பையன் கையுறையை மாட்டிக்கொண்டு
காற்றில் இல்லாத பந்தைப் பிடிக்கிறான்.
பெட்டி. பெட்டி.
வெறும் கயிறு ஆடுகிறது.

விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

கடைசிப் பெட்டி போனது.
எதிரே செங்கல், தூண், பல்வரிசை,
நீட்டிப் படுத்த நிழல்.
ஒரு கோழிகூட இல்லை.
கேட்டது அப்படியே கிடைத்திருந்தது,
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல.

புழுதி அடங்கியதும் கதவைத் திறந்து
"எடுத்தாயிற்றா?" என்று கத்தினாள்.
எடுத்தாயிற்று என்றேன்.

முதல் அங்கியை உதறினாள்.
பையன் எண்ணி முடித்திருந்தான்: ஐம்பத்திரண்டு.
எனக்கு நாற்பதோடு நின்றது.