கூண்டேற்றுகிறவன்

கடலூர் துறைமுகத்தில்
கூண்டேற்றும் வேலை எனக்கு.
பறவை கிடையாது, கதவும் கிடையாது.
கித்தான் சுற்றிய கம்பி உருளை ஒன்று,
கூம்பு ஒன்று.
சென்னையிலிருந்து எண் வரும்.
கயிற்றை இழுப்பேன்.
உப்பனாற்றில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

கூண்டுக்குப் புயல் தெரியாது.
உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது.
தென்கிழக்கே அறுநூறு கிலோமீட்டரில்
என்னவோ சுழல்கிறதாம்.
நான் பார்ப்பதெல்லாம் கம்பத்தின் துரு.
ஆனாலும் அக்கரைகோரியில் ஒருத்தன்
நிமிர்ந்து பார்த்துவிட்டு
டீசல் கேனைத் திரும்ப வீட்டுக்குத் தூக்குகிறான்.
கம்பி சொன்னதா, கயிறு சொன்னதா
என்றெல்லாம் அவன் கேட்பதில்லை.

இந்த ஐப்பசியிலிருந்து
அறிவிப்பை ஏஐ எழுதுகிறது.
எண், திசை, காற்றின் வேகம் கொடுத்தால் போதும்,
டீ ஆறுவதற்குள் ஒரு பக்கம்.
பிழையே இல்லை. ஒற்றுகூடச் சரி.
கடைசியில் அதுவாக ஒரு வரி சேர்த்திருந்தது:
'கரையில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களை
நினைத்துக்கொள்ளுங்கள்.'
இருபத்திரண்டு வருஷத்தில்
இந்த ஆபீஸ் தாளில் அப்படி ஒரு வரியை
யாரும் எழுதியதில்லை.
நான் எழுதியதில்லை.
மைக்கில் வாசிக்கும்போது
'காத்திருப்பவர்களை' என்ற இடத்தில்
தொண்டை அடைத்தது.
சளி போல இருமிக்கொண்டேன்.

மறுநாள், மீனில்லாத மார்க்கெட்டில்
கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த பச்சைவாழி கேட்டாள்:
"ஆபீசுக்குப் புதுசா யாரு வந்திருக்கா?
நல்ல மனசுக்காரரா இருப்பாரு போல."
யாரும் வரவில்லை என்று சொல்ல வாய் திறந்து
"ஆமாக்கா" என்றேன்.
அவள் புருஷன் போய் ஆறு வருஷம்,
யாரும் பேர் வைக்காத ஒரு காற்றில்.
அன்றைக்குக் கூண்டே ஏறவில்லை.

ராத்திரி அதையே கேட்டேன்:
அந்த வரியை நெனச்சுத்தான் எழுதுனியா?
மூன்று பத்தி பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக.
ஒரு விதத்தில் ஆமாம், ஒரு விதத்தில் இல்லை.
நானும் என் பெண்டாட்டிக்கு
இப்படித்தான் பதில் சொல்கிறேன் பல நாள்.

போன வருஷம் ஒரு புயல்
ஆந்திரா பக்கம் திரும்பிப்போனது.
கூண்டை இறக்கச் சொல்லி வந்த செய்தியை
நான் பார்க்கவில்லை.
ஒன்றரை நாள் அது சும்மா தொங்கியது,
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வானத்தின் கீழே.
தேவனாம்பட்டினத்தான்கள் துணிந்து போய்
வஞ்சிரம் அள்ளி வந்தார்கள்.
கூண்டை நம்பிய தேசிங்கு
நேராக வந்து சட்டையைப் பிடித்தான்.
என் சட்டையை.
கூண்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு:
சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறதென்றால்
பிடிக்க ஒரு சட்டை இருக்கவேண்டும்.
எழுதியது 'மன்னிக்கவும்' என்று
நொடிக்கொரு தரம் சொல்லும்.
பித்தான் தெறிக்காது.

ஆனால் பச்சைவாழிக்குப் போய்ச் சேர்ந்ததே,
அந்த வரிக்கு ஏது சட்டை?
போய்ச் சேர்ந்தது சேர்ந்ததுதானே.
கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

நேற்று மறுபடி மூன்றாம் எண்.
தாளில் இந்தத் தடவை அந்த வரி இல்லை.
விட்டுப்போனதா என்று கேட்டால்
எந்த வரி என்று கேட்கும்.
வாசித்து முடித்தும்
மைக்கை அணைக்காமல் நின்றேன்.
முதுநகர் பூராவும், சோனங்குப்பம் வரைக்கும்
ஒலிபெருக்கியில் என் மூச்சு.
அப்புறம் சொன்னேன்:
"தேசிங்கு, ஐஸ் ஆலைக்குப் பின்னாடி
உன் இன்ஜின் மேல தார்ப்பாய் வெலகிக் கெடக்கு.
வந்து மூடு."

மேலே கூண்டு
கம்பத்தில் இடித்து இடித்து ஆடியது.
ஜன்னலில் சாரலைத் துடைத்துவிட்டு,
அவன் வருகிறானா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.